குளத்து மீனும் ஆற்று மீனும்

ஜொகூரில் குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள், மழைவிட்ட மாலையில் கால்வாய் ஓரம் தூண்டில் போட்டுக் கெளிறு பிடித்ததை மறந்திருக்க மாட்டார்கள். மலாய் மொழியில் 'ஈக்கான் கெலி' என்பது அதுவே. ஆனால் இன்று சந்தைத் தொட்டியில் நெளியும் கெளிறு பெரும்பாலும் அந்த மீன் அன்று. 1980களில் இந்நாட்டுக்கு வந்த ஆப்பிரிக்கக் கெளிறும் அதன் கலப்பினமுமே பண்ணைகளில் வளர்கின்றன. அது விரைவில் பருக்கும், கலங்கிய நீரிலும் பிழைக்கும், விலையும் மலிவு. எனவே பண்ணையைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. பண்ணை மீன் ஆற்றில் புகுந்தால் என்ன நேரும் என்பதையே நாம் எண்ணிப் பார்க்கப் போகிறோம்.

பண்ணையிலே வேளைக்குத் தீனி உண்டு. கொக்குக்கும் பாம்புக்கும் அஞ்ச வேண்டியதில்லை. வேகமாக வளரும் மீனையே நாம் இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுக்கிறோம். தலைமுறைகள் செல்லச் செல்ல உடல் பருக்கிறது; பகைக்கு அஞ்சி ஒளியும் குணம் குறைகிறது.

இதன் விளைவை நன்கு ஆராய்ந்தவர்கள் சால்மன் மீன் வளர்க்கும் குளிர்நாட்டினர். அயர்லாந்தின் பரிஷூல் ஆற்றில் நடந்த ஆய்வின் முடிவு 2003இல் வெளியாயிற்று. முட்டை முதல் முட்டையிடும் பருவம் வரை கணக்கிட்டால், ஆற்றுச் சால்மன் 100 தேறும் இடத்தில் பண்ணைச் சால்மன் 2 மட்டுமே தேறியது. இரண்டும் கலந்து பிறந்தவையும் ஆற்று மீனுக்கு ஈடாகவில்லை. நார்வேயில் ஆராய்ந்த ஆறுகளில் ஏறக்குறைய பாதியில், தப்பிய பண்ணை மீனின் மரபுக்கூறு கலந்துள்ளதாக 2016இல் அறிவித்தனர்.

'அது எங்கோ குளிர்நாட்டுக் கதை' என்று நாம் இருந்துவிட முடியாது. நம் அண்டை நாடான தாய்லாந்தில், நாட்டுக் கெளிற்றின் உடலில் ஆப்பிரிக்கக் கெளிற்றின் மரபுக்கூறுகள் இருப்பதை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். ஜொகூரிலோ வெள்ளம் புதிதன்று. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி நீரில் மூழ்கியதை நாம் அறிவோம். அத்தகைய வெள்ளத்தில் குளம் எது, ஆறு எது? கரை தாண்டிய மீனைத் திரும்ப அழைக்க வழியில்லை.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? குளத்தின் கரையை உயர்த்துவோம். நீர் வெளியேறும் வாயில் வலை கட்டுவோம். வளர்க்க முடியாமற்போன மீனையோ, புண்ணியம் என்று விலைக்கு வாங்கிய மீனையோ ஆற்றில் விடாதிருப்போம்.

உழவர் எவ்வளவு பசித்தாலும் விதைநெல்லில் கை வைப்பதில்லை. ஆற்று மீன் நமக்கு விதைநெல். நாளை பண்ணை மீனுக்கு நோய் வந்தாலும், இனம் நலிந்தாலும், நல்ல வித்துக்கு நாம் ஆற்றைத்தான் நாட வேண்டும். அப்போது அங்கே நாட்டுக் கெளிறு இருக்க வேண்டாமா?