கலைப் பட்டதாரிகளும் அயல்நாட்டு ஆய்வுதவியும்

(வெள்ளிவிழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வரலாறும் இலக்கியமும் படித்தவனுக்கு வெளிநாட்டில் என்ன வேலை, அது மருத்துவனுக்கும் பொறியாளனுக்கும் உரியதன்றோ என்று நம்மவரே கேட்பதுண்டு. அண்ணல் அம்பேத்கர் கடல் கடந்து சென்று கற்றவை பொருளியலும் வரலாறும் மானிடவியலுமே என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விழைகிறேன்.

1913ஆம் ஆண்டில் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அவருக்கு மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டு உதவித்தொகை அளித்தார். திரும்பிவந்து பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1915இல் அவர் எம்.ஏ. பட்டத்திற்கு எழுதியது பண்டைய இந்திய வாணிகம் பற்றி. 1916 மே 9ஆம் நாள் மானிடவியல் கருத்தரங்கில் படித்தது இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றி. முனைவர் பட்ட ஆய்வோ பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றியது. அந்நூல் 1925இல் அச்சாகி, அச்சுப் படிகள் அளிக்கப்பட்ட பின்னரே 1927இல் பட்டம் முறைப்படி வழங்கப்பட்டது.

இடையில் உதவித்தொகைக் காலம் முடிந்து, இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டு 1917இல் நாடு திரும்பினார். பம்பாயில் பேராசிரியராகச் சேர்த்த பணம், கோலாப்பூர் மன்னர் சாகு அளித்த உதவி, பார்சி நண்பர் ஒருவர் தந்த கடன் ஆகியவற்றைக் கொண்டு 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வேட்டைத் திருத்தி எழுதுமாறு தேர்வாளர்கள் திருப்பியனுப்பினர். திருத்தியளித்து 1923இல் பட்டம் பெற்றார்.

இத்தலைப்புகள் யாவும் இந்தியாவைப் பற்றியவை என்பதைக் கருத்திற் கொள்ளுங்கள். மைய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டத்தில் உள்ள 125 இடங்களில் 115 நம்மவர்க்குரியவை. அத்திட்டத்திற்கு 2022இல் வெளியான நெறிமுறை, இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகியவற்றிற்கு உதவியில்லை என்று விலக்கிவிட்டது. இவ்விதி 1913இல் இருந்திருப்பின் அண்ணலின் தலைப்புகள் என்னவாகியிருக்கும்? இந்தியாவை ஆராய இந்தியாவிலேயே வசதியுண்டு என்பார்கள். அது அரை உண்மை. 1891இல் செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் பறையர் நிலை குறித்து அறிக்கை அளித்தார்; அதன் பின்னரே 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அக்கால ஆட்சியின் இந்திய அலுவலக ஆவணத் தொகுதி இன்று இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. நம் பாட்டன் நிலத்தின் கதையைத் தேடும் பிள்ளை அங்கே செல்லத்தான் வேண்டும்.

ஆகவே வேறு கதவுகளையும் தட்டுவோம். 1959இல் தொடங்கிய காமன்வெல்த் உதவித்தொகை உண்டு. ஆக்ஸ்போர்டு முதலிய பல்கலைக்கழகங்களில் பெலிக்ஸ் உதவித்தொகை உண்டு. தமிழக அரசு அண்ணல் பெயரால் தொடங்கிய அயலக உயர்கல்வித் திட்டத்தில் கலைப் படிப்புகளுக்கும் இடமுண்டு. கே. ஆர். நாராயணன் திருவாங்கூரில் ஆங்கில இலக்கியம் பயின்று, டாட்டா உதவித்தொகையுடன் 1945இல் இலண்டன் சென்றவர். 1997இல் குடியரசுத் தலைவரானார்.

ஆய்வேட்டுப் பரிசுகளைப் பற்றியும் ஒரு சொல். பரிசு படிப்புச் செலவுக்கு ஆகாது. ஏடு முடிந்த பின்னரே அது வரும். எனினும் நூலாக அச்சிடுவதற்கும் வேலை கிடைப்பதற்கும் அது பெருந்துணை. ஆசியா பற்றிய ஆய்வேட்டிற்கு இலண்டன் ராயல் ஏசியாடிக் சொசைட்டி பெய்லி பரிசு அளிக்கிறது. ஆசிய அறிஞர் மாநாட்டின் பரிசுகளும் ஆய்வேடுகளை ஏற்கின்றன. எந்தத் தலைப்பிற்கு இங்கே உதவி மறுக்கப்பட்டதோ, அதற்கே அங்கே பரிசு!

இனி மாணவர் செய்ய வேண்டியது. பட்டப் படிப்பின் இறுதியாண்டிலேயே ஆய்வுத் திட்டத்தை இரண்டு பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். உங்கள் கேள்வி என்ன, அதற்குரிய ஆவணம் எங்குள்ளது, வழிகாட்டத் தக்க பேராசிரியர் யார் என்பவை அதில் தெளிவாக இருக்கட்டும். சமூகச் சான்றிதழிலும் மதிப்பெண் பட்டியலிலும் கடவுச்சீட்டிலும் பெயர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாயிருக்கிறதா என இன்றே பாருங்கள். பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி வாரத்தில் கேட்டு ஆசிரியரைத் திணறடிக்க வேண்டாம்.

வரைவு எழுதிக் கொண்டுவருவோர்க்குத் திருத்தித் தர நானும் ஆசிரியர் இருவரும் ஞாயிறுதோறும் காலையில் சங்க நூலகத்தில் இருப்போம்.