பிள்ளை பெறும் பிள்ளைகள்

(நமது சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலிக்காகவும் குடியிருப்புக்காகவும் நாம் எத்தனையோ கூட்டங்கள் போட்டிருக்கிறோம். இன்று நம் பெண்பிள்ளைகளின் உயிரைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம்.

தாராவியின் ஒற்றை அறை வீட்டில், கணவனும் மனைவியும் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். வயதுக்கு வந்த மகளைத் தனியே விட்டுப்போகப் பயம். அந்தப் பயத்தில், பதினாறு வயதிலேயே ஊருக்கு அழைத்துப்போய்ச் சொந்தத்தில் கட்டிக்கொடுத்து விடுகிறோம். காவல் என்று நினைத்துச் செய்வது அவளுக்கே ஆபத்தாய் முடிகிறது.

1929இல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 என்றது. 1978இல் அது 18 ஆயிற்று. ஆயினும் 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 20 முதல் 24 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 23 பேர் 18 நிறையுமுன் மணமானவர்கள்.

தன் வளர்ச்சிக்கே இரத்தம் போதாத பெண், வயிற்றுப் பிள்ளைக்கு எங்கே போவாள்? இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவதும், குறைமாதத்தில் எடை குறைந்த பிள்ளை பிறப்பதும் இந்த வயதுத் தாய்மாரிடம் அதிகம். முகம் வீங்கினாலும், தலைவலியோடு கண் மங்கினாலும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

இதோடு ஊர் மாறும் பிழைப்பும் சேர்கிறது. ஐந்து மாதம் கணவன் வீடு. பிறகு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு. ஆள் ஓரிடம், சோதனைச் சீட்டு ஓரிடம். புதிய மருத்துவருக்கு எதுவும் தெரியாது. ஆகவே, தாய் சேய் அட்டையை ரயில் டிக்கெட்டைப் போலப் பத்திரமாய்க் கொண்டுபோங்கள். இரும்புச்சத்து மாத்திரையை வழியிலும் நிறுத்தாதீர்கள்.

2011 முதல் அரசு மருத்துவமனைகளில் பிரசவம், சிசேரியன், மருந்து, இரத்தம், உணவு யாவும் கர்ப்பிணிகளுக்கு இலவசம். எந்த மாநிலத்தவர் என்பது இதற்குத் தடையல்ல. இது நம் உரிமை.

வயது தெரிந்தால் போலீஸ் வருமே என்று சிலர் பெண்ணை வீட்டிலேயே மறைக்கிறார்கள். சிலர் வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி மருத்துவர் தகவல் தர வேண்டியிருப்பது உண்மை. ஆனால், சிகிச்சை தர மறுக்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. வழக்குக்குப் பயந்து மகளைப் பறிகொடுக்கலாமா?

பிள்ளை பிறந்தபின் அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டாண்டாவது இடைவெளி வேண்டும். காப்பர்-டி, ஊசி, மாத்திரை ஆகியவை அரசு மருத்துவமனையில் இலவசமாய்க் கிடைக்கின்றன. மாமியார்களும் மருமகன்களும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பயம் நீங்காமல் இளவயதுத் திருமணம் நீங்காது. பெற்றோர் வேலையிலிருந்து திரும்பும்வரை பெண்பிள்ளைகள் இருந்து படிக்கச் சங்க அறையைத் திறந்துவைப்போம். மொழி தெரியாத கர்ப்பிணியோடு மருத்துவமனைக்குத் துணை போவோம். கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தால், மொய்ப் பணத்தை எண்ணுமுன் பெண்ணின் வயதைக் கேட்போம்!