எதிர்மறை ஏவலும் வேண்டாக் காட்சியும்



கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிகளைக் கண்டிருக்கிறோம். அஞ்சலோட்டத்திற்குக் காத்துநிற்கும் சிறுமியை நோக்கி, "கோலைக் கீழே போட்டுவிடாதே!" என்று அன்போடுதான் கூவுகிறோம். அதுவரை அவள் எண்ணாத ஒரு காட்சி அக்கணமே அவள் மனக்கண்ணில் தோன்றிவிடுகிறது.

இச்சொல்லின் அமைப்பை நோக்குவோம். கோல், கீழே, போடு என யாவும் வந்த பின்னரே 'ஆதே' என்னும் விலக்கு வந்து சேர்கிறது. இது தமிழின் குறையன்று. மறுப்பை முன்வைக்கும் ஆங்கிலத்திலும் நிகழ்வது இதுவே. 1987இல் டேனியல் வெக்னர் குழுவினர், வெள்ளைக் கரடியை நினைக்கலாகாது என்று மாணவரிடம் கூறினர். கரடியோ மீண்டும் மீண்டும் வந்தது. விலக்கியது வந்துவிட்டதா என்று காவல் காக்கும் மனம், அதனை மறவாமல் வைத்திருக்க வேண்டியிருக்கிறது என்பது வெக்னர் தந்த விளக்கம்.

2001இல் சியான் பைலாக் குழுவினர் இதனைக் கோல்ஃப் ஆட்டத்தில் ஆய்ந்தனர். பந்து இலக்குத் தவறுவதை மனத்தில் காணாதிருக்க முயன்றோர் குறி தவறினர். அக்காட்சியை விலக்கிவிட்டு நல்ல காட்சியை வைக்க முயன்றோரும் தேறவில்லை. தொடக்கத்திலேயே நல்ல காட்சியைக் கண்டவர் முன்னேறினர். ஆகவே, விதைத்த பின் களைவதினும் விதையாதிருத்தலே நன்று.

மாணவர் ஒருவர், "விழுந்தது கண்முன்னே வந்து நிற்கிறது" என்றால், "பயப்படாதே" என்கிறோம். அதுவும் எதிர்மறை ஏவலே! அதனை அச்சம் என்றோ கோழைத்தனம் என்றோ பெயரிட்டால், அடுத்த முறை அவர் வாய் திறவார். பெயரற்ற துன்பத்தைச் சொல்லுதல் அரிது. எனவே இதனை 'வேண்டாக் காட்சி' என வழங்கலாம் என்று முன்மொழிகிறோம். காயத்திற்குப் பின் அது ஓயாது வருத்துமாயின், விளையாட்டு உளவியலாளரை நாடுதல் வேண்டும். புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டுக் கழகத்தில் அத்துறைக்கெனவே ஒரு பிரிவு உண்டு.

திடலோரம் நிற்கும் பெற்றோரும் ஆசிரியரும் செய்யத்தக்கது எளிது. "போட்டுவிடாதே" என்பதினும் "இறுகப் பற்று" என்போம். "விழாதே" என்பதினும் "நிமிர்ந்து ஓடு" என்போம். உடன்பாட்டு ஏவலுக்குத் தமிழில் பஞ்சமில்லை, பழக்கமே வேண்டும்.