ஆங்கில வகுப்பில் இளங்கோவடிகள்



ஆங்கில இலக்கியம் பயிலப் பல்கலைக்கழகம் புகும் நம் பிள்ளைகள் முதலாண்டில் ஷேக்ஸ்பியரையே முதலில் சந்திப்பார்கள் என்று நாம் எண்ணியிருந்தோம். பல்கலைக்கழக மானியக் குழு 2015ஆம் ஆண்டில் வகுத்த மாதிரிப் பாடத்திட்டமோ வேறு வழி காட்டிற்று. அதன் முதல் தாள் இந்தியச் செவ்வியல் இலக்கியம். காளிதாசரின் சாகுந்தலம், வியாசரின் சூதாட்டப் பகுதி, சூத்திரகரின் மிருச்சகடிகம். அவற்றோடு நம் சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டம், ஆர். பார்த்தசாரதியின் ஆங்கில மொழிபெயர்ப்பில்!

கண்ணகிக்குப் படிமம் சமைக்கச் செங்குட்டுவன் வடதிசை சென்று, இமயத்துக் கல்லைக் கங்கையில் நீராட்டிக் கொணர்ந்த வரலாறு அது. வடக்கே வந்து மீளாது தங்கிவிட்ட நமக்கு அஃது அயலார் கதை அன்று. ஆயினும் நம் பிள்ளைகள் பலர்க்குத் தமிழ் எழுத்துக் கூட்டவும் வாராது. இளங்கோ என்னும் பெயரை ஆங்கில எழுத்திலே கண்டு, ளகரத்தை லகரமாக ஒலிக்கின்றார்கள். (நகைக்க வேண்டா, கற்பியாதவர் நாமே.)

மொழிபெயர்ப்பை நாம் குறை கூறோம். அதுவும் இல்லையேல் அவர்கள் அடிகளை அறிந்தே இரார். ஆனால் அவர்கள் அத்தாளுக்குப் படிக்கும் மாதங்களில், மாலைதோறும் மூலத்திலிருந்து பத்து அடியேனும் உரக்கப் படித்துக் காட்ட, நம்முள் எத்தனை பேர் வீட்டில் அந்நூல் உண்டு? சங்க நூலகத்தில் உரையுடன் கூடிய படி ஒன்று இருக்கிறது. முதலாண்டு மாணவர் உள்ள வீட்டார் அதனை முதலில் எடுத்துச் செல்லுங்கள்.