வளர்ப்போர் இருவர், பிள்ளை ஒன்று

பிள்ளையைப் பெற்றவர் ஒருவர். பகற்பொழுதில் அதனைப் பேணுபவர் வேறொருவர். தாயும் தொழிலுக்குச் செல்லும் இல்லங்களில் இதுவே இன்றைய வழக்கம். பிள்ளையை ஒப்படைக்குமுன் கட்டணம் எவ்வளவு, நேரம் எத்தனை மணிவரை என்று பெற்றோர் விசாரிக்கின்றனர். பிள்ளை வளர்ப்பைப் பற்றி இருவர் நோக்கும் ஒன்றுதானா என்று விசாரிப்போர் மிகச் சிலரே.

இதனை ஒரு விதியாகவே வகுத்த நிலையம் ஒன்று உண்டு. 1907 ஆம் ஆண்டு சனவரி 6 ஆந் திகதி, உரோமாபுரியில் சான் லொறென்சோ என்னும் ஏழை மக்கள் வாழ்ந்த பகுதியில், மரியா மொண்டிசோரி அம்மையாரின் பொறுப்பில் ‘பிள்ளைகள் இல்லம்’ தொடங்கிற்று. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றி மாடிப்படிகளில் அலைந்து திரிந்த சிறுவர்களுக்காகவே அது அமைந்தது. கட்டணம் இல்லை, கடமைகள் இருந்தன. பிள்ளையைத் தூய உடலோடும் உடையோடும் அனுப்பவேண்டும்; ஆசிரியையை மதிக்கவேண்டும்; கிழமைக்கு ஒருமுறையேனும் தாய் அவரோடு பேசி, வீட்டில் பிள்ளை நடந்துகொள்ளும் விதத்தைக் கூறி, அவரது ஆலோசனையையும் கேட்கவேண்டும். ஆசிரியையும் அதே கட்டடத்திலேயே குடியிருந்தார். 1944 இல் அம்மையார் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார்.

இவ்விதிகளுள் தலையாயது அந்த உரையாடலே. பகலில் தன் சட்டைப் பொத்தானைத் தானே பூட்டப் பழகும் பிள்ளைக்கு, வீட்டில் அவசரத்தால் தாய் பூட்டிவிடுகிறார். வீட்டில் அடியறியாத பிள்ளை பகலில் பிரம்பைக் கண்டு நடுங்குகிறது. இரண்டு சட்டங்களுக்கு நடுவே வாழும் பிள்ளை, எது நன்று என்று கற்பதில்லை. யார் முன் எப்படி நடிப்பது என்பதையே கற்கிறது.

ஆயினும், ஒத்த கருத்து மட்டும் போதாது. ‘அடியாத மாடு படியாது’ என்று இருவருமே நம்பினால், அந்த ஒற்றுமை பிள்ளைக்குத் தப்ப வழியில்லாத சிறையாகும். உரோமாபுரி இல்லத்தில் பரிசும் தண்டனையும் கைவிடப்பட்டன. பிள்ளையும் மதிக்கத்தக்க ஓர் ஆள் என்பதே இருவரும் முதலில் உடன்படவேண்டிய கொள்கை. பேணுபவர் தாயைக் குறைகூறாமலும், தாய் பேணுபவரைக் கூலியாள் என்று எண்ணாமலும் இருந்தாலன்றி அவ்வுடன்பாடு பிறவாது.

மாலையில் பிள்ளையை அழைக்கச் செல்லும் தாய், ‘குழப்படி செய்தானா?’ என்பதோடு நில்லாது, ‘இன்று தானாக எதனைச் செய்தான்?’ என்றும் கேட்கட்டும். பேணுபவரும், வீட்டில் அவன் விரும்புவது எது, அஞ்சுவது எது என்று கேட்டறியட்டும். ஐந்து நிமிடம் போதும். ஆனால் அதனை நாள்தோறும் ஒதுக்கவேண்டும்.