எறும்புக்கு இட்ட மாவு

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற கோலப் போட்டியின் பரிசளிப்பு நிகழ்வில் ஆற்றிய உரை)

 

நடுவர் பணியை எனக்களித்த நிர்வாகத்தினர், கோலத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசவும் பணித்தனர். பரிசு பெற்றோரையும் பெறாதோரையும் ஒருங்கே பாராட்டித் தொடங்குகின்றேன்.

நான் தோட்டத்து லயத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பயின்றவள். பெரட்டுக்கு நேரமாகிவிட்டாலும் என் தாயார் கோலமிடாமல் வாசற்படி இறங்கமாட்டார். சாணம் தெளித்த மண்தரையில் பச்சரிசி மாவு அவர் விரலிடுக்கில் நூலாய் இறங்கும். நான் பள்ளிக்குப் புறப்படும் வேளையில் எறும்புகள் வந்துவிட்டிருக்கும். "கோலம் கலையுதே அம்மா" என்பேன். "கலையட்டும், அதுங்களுக்குத்தானே போட்டது" என்பார்.

அவர் எழுத்தறியாதவர். ஆயினும் நேர்ப்புள்ளி எது, ஊடுபுள்ளி எது, எத்தனை வரிசைக்கு எத்தனை புள்ளி என்பதெல்லாம் அவருக்குக் கணக்குப் பிசகாது. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றிச் சுற்றிச் சென்று, தொடங்கிய இடத்திலேயே வந்து முடியவேண்டும். இதிலுள்ள கணிதத்தைச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணி, இராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் இணைந்து 1970களில் ஆராய்ந்தனர். கணினி மொழிகளுக்குரிய இலக்கண விதிகளைக் கொண்டே கோலத்தை விளக்கலாம் என்று உலகுக்குக் காட்டினர். எங்கள் தோட்டத்துப் பெண்கள் இதனைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்!

இன்று புக்கிட் மெர்தாஜாமின் அடுக்குமாடி வீடுகளில் மண்வாசல் ஏது? பளிங்குத் தரையில் ஒட்டுக்கோலம் ஒட்டுகிறோம். தீபாவளிக்குப் பேரங்காடிகளிலும் அலுவலகங்களிலும் வண்ண அரிசிக் கோலம் இடுகிறோம். அதனை நான் பழிக்கவில்லை. மலாய், சீன நண்பர்கள் நம்மோடு தரையில் அமர்ந்து நிறம் நிரப்புவது அக்கோலத்தால்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு தீபாவளிக்கு எங்கள் அலுவலகக் கூடத்தில் பத்துக் கிலோ அரிசிக்குச் சாயமேற்றி மயில் வரைந்தோம். விழா முடிந்ததும், எங்களோடு உழைத்த மலாய் அக்காள் ஒருவர், "இந்த அரிசியை இனி என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். அதற்குள் துப்புரவுப் பணியாளர் அதனைக் கறுப்புப் பையில் வாரிக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு விடை வரவில்லை. வீட்டில் தாயாரிடம் சொன்னபோது அவர் பேசவேயில்லை. எறும்பும் தின்ன முடியாத அரிசியை இட்டவள் அவருடைய மகள் அல்லவா?

சமண அன்பர்கள் தம் ஆலயத்தில் இறைவன் திருமுன் சாயமேற்றாத முழு அரிசியால் சுவஸ்திகமும், அதன்மேல் மூன்று புள்ளிகளும், பிறையும் அமைப்பார்கள். ஒரு கைப்பிடி அரிசி போதும். கண்ணைப் பறிக்கும் மயிலுக்கு இன்று நானே முதற்பரிசு அளித்தேன். ஆயினும் என் மனம் நின்றதென்னவோ, மூலையில் ஒரு பாட்டி வெறும் மாவினால் இட்ட சிறு சிக்குக் கோலத்தில்தான்.

ஆகவே நிர்வாகத்தினரிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு முதல் கொடிமரத்தின் எதிரே ஓரிடத்தைப் பச்சரிசி மாக்கோலத்திற்கென ஒதுக்குங்கள். அதற்குப் பரிசு வேண்டாம். அந்தப் பாட்டியும் இசைந்துவிட்டார். வரும் வெள்ளி முதல் காலை ஆறு மணிக்கு ஆலய வாசலில் புள்ளி வைக்கக் கற்றுத்தருவார். பிள்ளைகளை அழைத்து வாருங்கள். ஆளுக்கொரு கிண்ணம் மாவு போதும். அச்சுத் தகடு வேண்டாம்.