பெயர் எழுதப்படாதவர்கள்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

விழாக் குழுவினர் நமக்கு அளித்த தலைப்பு ‘பேசும் போர் நினைவகங்கள்’ என்பது. ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதுபவர்க்குப் போரைப் பற்றி என்ன தெரியும் என்று முன்வரிசையில் சிலர் புன்னகை புரிகின்றனர். போரைப் பற்றி அதிகம் தெரியாது; பதிவேட்டைப் பற்றிச் சிறிது தெரியும். நினைவகத்திற்கு முதலில் வேண்டுவதும் அதுவே என்பது நம் கருத்து.

பிரான்சு நாட்டில் வில்லேர்-பிரெத்தொன்னே என்னும் ஊரின் அருகே, முதல் உலகப் போரில் மாண்ட ஆஸ்திரேலியர்க்கு நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. அதனை ஒட்டி 2018-ஆம் ஆண்டில் சர் ஜான் மோனாஷ் மையம் திறக்கப்பட்டது. அங்குச் செல்வோர் தத்தம் கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கிக் கொண்டு, காதில் கருவியைப் பொருத்திக் கல்லறைகளின் ஊடே நடக்கின்றனர். நாம் நிற்கும் இடத்தைக் கைப்பேசி தானே உணர்ந்து, அவ்விடத்திற்குரிய செய்தியைச் சொல்லுமாம். போர்வீரர் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் அங்கே குரல் பெற்றுப் பேசுகின்றன.

கருவியை வியக்கத்தான் வேண்டும். ஆயினும், மாண்டவனுடைய பெயர், படைப்பிரிவு, அவன் வீட்டுக்கு எழுதிய கடிதம் ஆகியவற்றை நூறாண்டுக் காலம் எவரோ காத்து வைத்திருந்தமையால் அல்லவா இன்று அது பேசுகிறது? கல்லறை அறியப்படாத 10,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள்கூட அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.

அவ்வளவு தூரம் போவானேன்? டோம்பிவிலியிலிருந்து நாள்தோறும் நகரத்திற்குச் செல்லும் நாம் கடந்து போகும் மஸ்ஜித் நிலையத்தின் அருகே, இந்திய மாலுமிகள் இல்லத்தில், முதல் போரில் மாண்ட 2,000-க்கும் மேற்பட்ட கடலோடிகளுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. விரைவு வண்டி அங்கே நிற்பதில்லை, நாமும் நிற்பதில்லை.

இனி, நம் துறைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை, சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைத்தது. 1942-இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. காட்டிலும் பெருமழையிலும் சம்மட்டியும் உளியும் கொண்டு பாறையைப் பிளந்தனர். தண்டவாளப் பகுதியில் பணிபுரியும் நம் அன்பர்களுக்கு இதன் கொடுமையை விளக்க வேண்டியதில்லை. போர்க்கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரில் மாண்டவர் ஏறத்தாழ 90,000 என்பர். மலேயாத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் வலிந்து பிடித்தும் ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர் அவர்களுள் பல்லாயிரவர்.

90,000 என்பதை மீண்டும் நோக்குங்கள். அஃது எண்ணிப் பார்த்த தொகை அன்று, மதிப்பீடு. சரக்கு வண்டியில் ஏற்றும் மூட்டைக்குக்கூட நாம் ரசீது எழுதுகிறோம்!

இந்த வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது? கைதிகளோடு அவர்தம் படை அதிகாரிகள் இருந்தனர். இறந்தவன் பெயரையும் புதைத்த இடத்தையும் குறித்து, அக்குறிப்புகளை ஒளித்துக் காத்தனர். போர் முடிந்தபின் 1945-இல் கல்லறை தேடும் குழுவினர் அப்பாதை நெடுகச் சென்று தேடினர். அதனால் காஞ்சனபுரி மயானத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் இன்று வரிசையாக உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு. தமிழ்க் கூலிகளுக்கோ அதிகாரியும் இல்லை, எழுத்தரும் இல்லை. காலரா கண்ட முகாம்களில் மொத்தமாகக் குழியில் இட்டனர்.

பாறையைப் பிளந்த இடங்களுள் ஒன்றில், ‘நரக நெருப்புக் கணவாய்’ என்று கைதிகள் பெயரிட்ட வெட்டின் அருகே, ஆஸ்திரேலிய அரசு 1998-இல் காட்சியகம் ஒன்றைத் திறந்தது. அங்கும் காதில் கருவி உண்டு. முன்னாள் கைதிகளின் குரலையே கேட்கலாம். தம்மவரை அவர்கள் போற்றுவதில் குறை காண மாட்டோம். நம்மவர் குரலை நாம் அல்லவா சேர்த்திருக்க வேண்டும்?

வீழ்ந்தவன் பெயரைக் கல்லில் எழுதி நட்ட இனம் நம் இனம். 2023-இல் காஞ்சனபுரியில் இத்தமிழர்க்கும் ஒரு நடுகல் எழுப்பப்பட்டது. மலேசியாவில் அன்பர் சிலர், உயிர் பிழைத்தோர் கூறியவற்றையும் அவர்தம் மக்கள் கூறுவனவற்றையும் திரட்டி வருகின்றனர். கல் வந்துவிட்டது, பெயர்கள் இன்னும் வந்து சேரவில்லை.

நம் காலனியில் தஞ்சை, திருச்சி, சேலம் மாவட்டத்தினர் பலர் உள்ளீர்கள். “பெரியப்பா மலேயாவுக்குப் போனார், திரும்பவில்லை” என்ற பேச்சு எத்தனை வீடுகளில் உண்டு! ஊரில் உள்ள மூத்தோர் மறைவதற்குள் கேளுங்கள். பழைய கடிதமோ புகைப்படமோ பெட்டியின் அடியில் இருந்தால் எடுத்து வாருங்கள். படம் பிடித்துக்கொண்டு உடனே திருப்பித் தருவோம். பெயர், தந்தை பெயர், சொந்த ஊர், போன ஆண்டு, தோட்டத்தின் பெயர், கடைசிக் கடிதம் வந்த நாள் என்று ஆறு பத்திகள் கோடிட்ட பேரேடு ஒன்றைச் செயலாளரிடம் இன்று ஒப்படைக்கிறோம். தெரியாத பத்தியை வெறுமையாக விடலாம். பெயர் மட்டும் தெரிந்தாலும் எழுதுவோம். ஞாயிறுதோறும் மாலையில் சங்கக் கட்டடத்தில் அது திறந்திருக்கும்.